ஒன்றிய பட்ஜெட்டுக்குள் மாணவர்கள் எந்த மாதத்தில், எந்த வாசல் வழியாக நுழையலாம்?

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்டக் குழு நீங்கள். மூன்று ஆண்டுகளாக ஜனவரியில், அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் மைகவ் இணையதளம் வழியாக ஒன்றிய பட்ஜெட்டுக்கு யோசனைகள் அனுப்புகிறீர்கள். இந்த முறை 17 யோசனைகள். எதற்கும் பதில் வரவில்லை. “இளைஞர் பங்கேற்பு என்பதே கண்துடைப்பா, இல்லை எங்கள் பக்கம்தான் கோளாறா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசு இளைஞர்களைக் கேட்கிறதா என்பது ஒன்று. பணம் எந்த மேசையில், எந்த மாதத்தில் முடிவாகிறது, அந்த மேசைக்கு இருபது வயதுக்காரர் எழுதிய ஒரு தாள் போய்ச் சேருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரி போதும்: கேட்கிறது, ஆனால் கேட்டதற்குக் கணக்கு சொல்லும் கடமையை அது ஏற்கவில்லை. உங்கள் யோசனை இன்ன காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று பதில் வருகிற ஏற்பாடு மைகவில் கிடையாது. இரண்டாவது கேள்வியில்தான் நீங்கள் செய்யக்கூடிய வேலை இருக்கிறது.

முதல் கோளாறு மாதம். பிப்ரவரி 1 அன்று வாசிக்கப்படும் பட்ஜெட்டுக்கான வேலை, அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு அனுப்பும் சுற்றறிக்கையோடு தொடங்குகிறது. ஒவ்வொரு அமைச்சகமும் தன் திட்டங்களுக்கு நடப்பாண்டில் எவ்வளவு செலவாகும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பீடு தயாரிக்கிறது. அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை அதே நிதி அமைச்சகத்தின் செலவினத் துறைச் செயலாளர் அமைச்சகம் அமைச்சகமாக உட்கார வைத்துப் பேசுகிறார். உச்சவரம்பு ஏறக்குறைய அங்கேயே முடிவாகிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் நிதி அமைச்சர் விவசாயிகள், தொழில் துறையினர், தொழிற்சங்கத்தினர், பொருளாதார அறிஞர்களை அழைத்துப் பேசுவது செய்தியில் வரும். வரிச் சலுகைக்கும் ஓரிரு புதிய அறிவிப்புகளுக்கும் அது உதவலாம். இருக்கிற திட்டம் ஒன்றின் தொகையை அந்த நேரத்தில் நகர்த்துவது கடினம். ஜனவரியில் யோசனை அனுப்புவது, பந்தி முடிந்து இலை எடுக்கும்போது சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொல்வது போலத்தான். மாதக் கடைசியில், பட்ஜெட் வேலை இறுதிக் கட்டத்துக்கு வந்ததன் அடையாளமாக, நிதி அமைச்சகத்தில் அல்வா கிண்டிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு பொருளை நான் இங்கே இழுக்கவில்லை.

இரண்டாவது கோளாறு, நாடாளுமன்றம் பற்றிப் பலருக்கு இருக்கும் ஒரு நினைப்பு. எம்.பி. பேசினால் ஒதுக்கீடு கூடும் என்று நினைக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவுப்படி, மானியக் கோரிக்கை ஒன்றை, அதாவது ஓர் அமைச்சகம் தன் செலவுக்குக் கேட்கும் தொகையை, மக்களவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. வெட்டுத் தீர்மானம் மூன்று வகை: கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைப்பது, குறிப்பிட்ட தொகையைக் குறைப்பது, அடையாளமாக 100 ரூபாய் குறைப்பது. மூன்றுமே இறங்குமுகம்தான். பல அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் ‘கில்லட்டின்’ முறையில் ஒரே வீச்சில் நிறைவேறுகின்றன. 2018-லும் 2023-லும் மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படித்தான் போயின. எனவே “ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள்” என்ற கோரிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் அமைச்சகம், அதுவும் செப்டம்பருக்குள். எம்.பி.யிடம் கேட்க வேண்டியது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, எவ்வளவு பணம் உண்மையில் அசையக்கூடியது என்பது. 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். மலைப்பாக இருக்கும். அந்த ஆண்டு பட்ஜெட் ஆவணம் காட்டும் ‘ரூபாய் எங்கே போகிறது’ படத்தில், மாநிலங்களுக்கான வரிப் பங்கையும் சேர்த்த ஒரு ரூபாயில், 22 பைசா மாநிலங்களின் வரிப் பங்கு, 20 பைசா வட்டி, 8 பைசா பாதுகாப்பு, 8 பைசா நிதிக்குழு மானியங்களும் பிற மாற்றங்களும், 6 பைசா பெரிய மானியங்கள், 4 பைசா ஓய்வூதியம். ஒன்றிய அரசே நேரடியாக நடத்தும் திட்டங்களுக்கு 16 பைசா, மாநிலங்களோடு சேர்ந்து நடத்துபவற்றுக்கு 8 பைசா. இந்த 24 பைசாவிலும் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களுக்குப் போகிறது. “பாதுகாப்புச் செலவைப் பாதியாக்கிக் கல்விக்குக் கொடுங்கள்” என்ற வரி உங்கள் பட்டியலில் இருக்கிறது. அது ஒரு அரசியல் நிலைப்பாடு. மேடையில் சொல்லலாம், தப்பில்லை. பட்ஜெட் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

அப்படியென்றால் கைக்கு எட்டுவது எது? ஒதுக்கிய பணம் செலவானதா என்ற கேள்வி. பட்ஜெட் புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் இருக்கும். 2025 பிப்ரவரியில் வந்த புத்தகத்தில் 2023-24-இன் மெய்க் கணக்கு, 2024-25-இன் முதல் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, 2025-26-இன் மதிப்பீடு. பத்திரிகைகள் நான்காவது எண்ணை மட்டும் தலைப்பாக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் வயல்.

உங்கள் வயதுக்காரர்களுக்கான திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவிக்கப்பட்டது: 500 பெரிய நிறுவனங்களில், 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், ஒருமுறை உதவியாக 6,000 ரூபாய். 2024-25-க்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 380 கோடியாகச் சுருங்கியது. அதே புத்தகத்தில் 2025-26-க்கு 10,831 கோடி என்று போட்டார்கள். இனி ஒரு சின்னப் பெருக்கல். மாதம் 5,000-இல் அரசு தருவது 4,500, நிறுவனம் தருவது 500. அரசுக்கு ஒருவருக்கான ஆண்டுச் செலவு 54,000 ரூபாய். 6,000 சேர்த்தால் 60,000. முதலில் சோதனையாக நடத்திய முன்னோட்டத்தின் இலக்கு 1.25 லட்சம் பேர். எல்லோரும் சேர்ந்து 12 மாதமும் இருந்தாலும் 750 கோடிதான். 10,831 கோடியை 60,000-ஆல் வகுத்தால் 18 லட்சம் பேர் வருகிறார்கள். முதல் சுற்றில் நிறுவனங்கள் 82,000 அளவில் வாய்ப்புகளை முன்வைத்தும், ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர்தான். ஒரே ஆண்டில் அங்கிருந்து 18 லட்சத்துக்குத் தாவ முடியுமா என்று கேட்க முனைவர் பட்டம் தேவையில்லை. கால்குலேட்டர் போதும்.

இந்தக் கணக்கில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு சுருங்கியது உறுதி, அது அச்சில் இருக்கிறது. ஏன் சுருங்கியது என்பதில் ஒரு பகுதி வெளிப்படை: முன்னோட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது, பாதி ஆண்டு போய்விட்டது. இடம் கிடைத்தும் இளைஞர்கள் ஏன் சேரவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள், அதாவது ஊர் தூரம், விடுதி வாடகை, 5,000 போதாமை, 12 மாதம் நீளம், எல்லாம் நியாயமாகத் தோன்றினாலும் எதன் எடை எவ்வளவு என்று புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது. இங்கேதான் ஒரு கல்லூரிக் குழுவுக்கு, டெல்லியில் இருப்பவருக்கு இல்லாத வசதி இருக்கிறது. முன்னோட்டத்தின் முதல் சுற்றில் வயது வரம்பு 21 முதல் 24. முழுநேரப் படிப்பில் இருப்பவர் சேர முடியாது. உங்கள் கல்லூரியில் படிப்பை முடித்துப்போன இரண்டு, மூன்று ஆண்டு சீனியர்கள்தான் சரியான கூட்டம். விண்ணப்பித்தவர், இடம் கிடைத்தவர், சேர்ந்தவர், பாதியில் விட்டவர் என்று பிரித்து நாற்பது ஐம்பது பேரிடம் விசாரித்தாலே போதும். அந்தத் தாளில் “இது முறையான மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல, எங்களுக்குக் கிடைத்தவர்களின் பதில்” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அதை எழுதாமல் சதவீதம் போடும் அறிக்கையை விவரம் தெரிந்த அதிகாரி முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

அனுப்பும் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரு குறிப்புக்கு ஒரே திட்டம். திட்டத்தின் பெயரைச் ‘செலவின பட்ஜெட்’ தொகுப்பில் இருக்கிறபடியே, எழுத்து மாறாமல் எழுத வேண்டும். அடுத்து மூன்று ஆண்டுகளின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, மெய்க் கணக்கு. ஒரு பயனாளிக்கான செலவு. நீங்கள் கேட்கும் ஒரே மாற்றம். அதற்கு ஆகும் கூடுதல் தொகை. அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்ற ஒரு வரி. கடைசி வரிதான் பெரும்பாலான மனுக்களில் இருக்காது. எடுத்துக்காட்டாக, சொந்த மாவட்டத்துக்கு வெளியே சேருபவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் வாடகை உதவி என்று கேட்கிறீர்கள் என்றால், 50,000 பேருக்கு ஆண்டுக்கு 120 கோடி. 2024-25-இல் மட்டும் 2,000 கோடியில் 1,620 கோடி திருத்திய மதிப்பீட்டில் குறைக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் இது அடங்கும் என்று காட்டலாம். அமைச்சகத்தில் அந்தத் திட்டத்தைக் கையாளும் பிரிவின் இணைச் செயலாளருக்கு ஒரு பிரதி, அதே அமைச்சகத்தின் நிதி ஆலோசகருக்கு ஒரு பிரதி. மதிப்பீட்டில் கடைசியாகப் பேனா வைப்பவர் நிதி ஆலோசகர். அவர் பெயரை மாணவர் மனுக்களில் பார்ப்பது அபூர்வம். ஆகஸ்ட் 15-க்குள் தபாலும் மின்னஞ்சலும் போய்விட வேண்டும். அப்படியென்றால் ஜூன், ஜூலையில் தரவு வேலை. உங்கள் செமஸ்டர் தேர்வு இதற்கு நடுவில் குறுக்கே விழும் என்பதால், பிப்ரவரி புத்தகம் வந்த வாரத்திலேயே எண்களை எடுத்து எக்செல் தாளில் ஏற்றி வைத்துவிடுவது நல்லது.

புத்தகத்தில் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, அல்லது விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுத அனுமதிக்கிறது, தமிழில் எழுதலாம். மாணவர்கள் இதில் வழுக்கி விழுவது “ஏன்” என்ற சொல்லில். “ஏன் நிதி குறைக்கப்பட்டது?” என்று கேட்டால், காரணம் என்பது சட்டம் சொல்லும் ‘தகவல்’ அல்ல என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். “இன்ன திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு 2023-24, 2024-25 ஆண்டுகளில் விடுவித்த தொகை, தேதி வாரியாக, பெறப்பட்ட பயன்பாட்டுச் சான்றிதழ்களின் நகல்” என்று கேளுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது, கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்குச் செலவானது என்று மாநிலமோ நிறுவனமோ எழுதித் தரும் படிவம். அது வராவிட்டால் அடுத்த தவணை நிற்கும். பல கல்வி உதவித்தொகைத் தாமதங்களின் வேர் அங்கேதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் ஒன்றியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கில் பணம் ஏறவில்லை என்றால், தடை டெல்லியிலா கோட்டையிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இல்லையென்றால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி எம்.பி. தாம்பரம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் வருகிறது, தென்சென்னையில் அல்ல. உங்கள் கடிதத்தின் பிரதி யாருக்குப் போயிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். விடுதி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் ஒரே குழுவுக்குள் ஆறேழு தொகுதிகளின் வாக்காளர்கள் கிடைப்பார்கள், அது பெரிய பலம். எம்.பி.யிடம் உரை கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மக்களவையில் ஒரு நாளில், அவையிலேயே வாய்மொழிப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப்பூர்வப் பதிலுக்கானவை 230. இரண்டாவது வகைதான் உங்களுக்கு உகந்தது: மாநில வாரியான அட்டவணை இணைப்போடு பதில் வரும், நாடாளுமன்ற ஆவணமாக நிலைத்திருக்கும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. நீங்களே வரைந்து கொடுத்தால் எம்.பி.யின் உதவியாளருக்கு வேலை மிச்சம்.

அதைவிட ஆழமான இடம், அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் துறைசார் நிலைக்குழுக்கள். மொத்தம் 24; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே வரும் இடைவேளையில் இவர்கள் அமைச்சகச் செயலாளர்களை உட்கார வைத்து மானியக் கோரிக்கைகளைக் கேள்வி கேட்கிறார்கள். பணம் ஏன் செலவாகாமல் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்பதற்கான நேரடிப் பதில் பெரும்பாலும் இந்த அறிக்கைகளில்தான் அச்சேறுகிறது. இளைஞர் நலன் கல்விக்கான நிலைக்குழுவிலும், மேலே சொன்ன இன்டர்ன்ஷிப் திட்டம் நிறுவன விவகார அமைச்சகத்தினுடையது என்பதால் நிதிக்கான நிலைக்குழுவிலும் வரும். அந்தக் குழுவில் இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர் யார் என்று பாருங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு பக்கக் குறிப்பும் மூன்று கேள்விகளும் அவர் கையில் இருக்க வேண்டும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்த நடவடிக்கை என்ன என்று மூன்று மாதத்துக்குள் அரசு எழுத்தில் சொல்லியாக வேண்டும். மைகவில் இல்லாத பதில் சொல்லும் கடமை இங்கே இருக்கிறது.

புதிய திட்டம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 500 கோடிக்கு மேல் ஆகும் திட்டம் செலவின நிதிக் குழுவின் ஆய்வைத் தாண்ட வேண்டும். 1,000 கோடிக்கு மேல் என்றால் அமைச்சரவை. ஓடும் திட்டங்களும், மாநிலங்களுக்கான வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் ஐந்தாண்டுச் சுழற்சியை ஒட்டியே ஒப்புதல் பெறுகின்றன. 2021-26 சுழற்சிக்குப் பின் 2026-31. சுழற்சி மாறும் நேரத்தில் திட்டத்தின் விதிகளையே மாற்றிக் கேட்கலாம். நடுவில் தொகையை மட்டும்தான்.

இளைஞர்களுக்கென்று தனி பட்ஜெட் அறிக்கை வேண்டும் என்ற உங்கள் யோசனைக்கு முன்மாதிரி உண்டு. பாலின பட்ஜெட் அறிக்கை 2005-06 முதலும், குழந்தைகள் நல அறிக்கை 2008-09 முதலும் வருகின்றன. 2014-இன் தேசிய இளைஞர் கொள்கையே, உணவு மானியம் போன்ற பொதுச் செலவில் ஒரு பங்கையும் சேர்த்து, இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 90,000 கோடிக்கு மேல், தலைக்குச் சுமார் 2,710 ரூபாய் என்று ஒரு கணக்குப் போட்டது. இதில் எனக்கு அரை மனதுதான். அந்தக் கொள்கையில் இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது. குழந்தைகள் அறிக்கை 18 வயது வரை எண்ணுகிறது. நடுவில் இருக்கும் மூன்று வயதினர் இரண்டு பக்கமும் எண்ணப்படுவார்கள். ஏற்கெனவே இருக்கும் செலவை எடுத்து லேபிள் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடும் அபாயமும் உண்டு. போர்ச்சுகல் வேறு வழியில் போனது. 2017-இல் நாடு முழுவதற்குமான இளைஞர் பங்கேற்பு பட்ஜெட் ஒன்றைத் தொடங்கி, 14 முதல் 30 வயதுள்ளவர்களே திட்டம் முன்வைத்து வாக்களிக்கும்படி 3 லட்சம் யூரோ ஒதுக்கியது. மறு ஆண்டு 5 லட்சம். தொகை அற்பம்தான், ஆனால் வென்றதை அரசு செய்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால் அங்கே ஒட்டுமொத்த ஒதுக்கீட்டு முன்னுரிமைகள் மாறின என்று நிரூபிக்க முடியாது. நம்மிடமும் ஒரு யோசனையும் பிப்ரவரி அறிவிப்பும் ஒத்துப்போனால் ‘எங்களால்தான்’ என்று சுவரொட்டி அடிக்க வேண்டாம். அதே கோரிக்கையை மாநிலங்கள், தொழில் சங்கங்கள், நிலைக்குழு எல்லாருமே வைத்திருப்பார்கள்.

உங்கள் 17-இல் நான் எடுத்துக்கொள்வது 11-ஆவது, உதவித்தொகைத் தாமதம் பற்றியது. கல்விக்கு மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் என்ற முதல் யோசனை 1960-களின் கோத்தாரி கல்வி ஆணையக் காலத்திலிருந்து எல்லோரும் சொல்வது. அது உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 11-ஆவதில் “மிகவும் தாமதமாகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பம், எந்தத் தேதியில் மாநிலப் பங்கு, எந்தத் தேதியில் ஒன்றியப் பங்கு என்று நான்கு நெடுவரிசை போட்டு, வகுப்பிலிருந்து பத்துப் பத்து பாஸ்புக்குகளைப் பார்த்து நிரப்புங்கள். பெயரும் கணக்கு எண்ணும் தாளில் வர வேண்டாம். வரிசை எண் போதும்.